கோழியிறகில் ஒரு பூச்சி

மீன்பிடித்தல் என்றவுடன் மண்புழுவும் மாவுருண்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓய்வு நாளில் மூங்கிற்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பழைய பால் மங்கு ஒன்றில் ஈரமண்ணும் மண்புழுவுமாக ஆற்றங்கரைக்குப் போகும் சிறுவர்களைத் தோட்டப்புறங்களில் பல தலைமுறைகளாக நாம் கண்டு வந்திருக்கிறோம். கெலா மீனுக்குச் செம்பனைப் பழம், கெளுத்திக்குக் கோழிக்குடல் என்று அனுபவசாலிகள் இரையை வகைப்படுத்தியும் வைத்துள்ளனர். எப்படியாயினும், இரை என்பது மீன் தின்னக்கூடிய ஒரு பொருளாக இருத்தல் வேண்டும் என்பதே நாம் அறிந்த வழக்கு.

தின்னவே இயலாத ஒன்றைக் காட்டி மீனைப் பிடிக்கும் முறையும் உலகில் உண்டு. ஒரு தூண்டில் முள், ஒரு முழம் பட்டு நூல், ஒரு சிறிய இறகு ஆகிய மூன்றே அதற்குத் தேவையான பொருள்கள். இவற்றைக் கொண்டு நீரில் வாழும் பூச்சியைப் போன்ற ஓர் உருவத்தைக் கையால் கட்டி, அதனை நீரின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஓட விடுகின்றனர். ஆங்கிலத்தில் ‘சாஃப்ட் ஹேக்கல்’ என்று வழங்கும் இதனை நாம் மென்னிறகுப் பூச்சி என்று குறிப்பிடுவோம். ‘ஹேக்கல்’ என்பது கோழி முதலிய பறவைகளின் கழுத்திறகைக் குறிக்கும் சொல்லாகும்.

இக்கலை டிரவுட் என்னும் குளிர்நாட்டு ஆற்று மீனுக்காக வளர்ந்த கலையாகும். காஜாங் வட்டாரத்தில் அம்மீன் இல்லை. அங்ஙனமாயின் தோட்டத்து மக்களுக்கு இதனால் ஆவதென்ன என்று வாசக அன்பர்கள் வினவலாம். அதற்கான விடை சற்றுப் பின்னர் வரும்.

பழைமையும் பரவலும்

கி.பி. 200ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியா நாட்டு ஆறொன்றில் உடலிற் புள்ளிகளுடைய மீன்களை மக்கள் பிடித்த விதத்தை எழுதி வைத்துள்ளார். அம்மீன்கள் நீரின்மேல் பறக்கும் ஒருவகைப் பூச்சியை விரும்பித் தின்றன. அப்பூச்சியைப் பிடித்து முள்ளில் கோக்க முயன்றால், கை பட்ட மாத்திரத்தில் அது நிறம் மங்கிச் சிறகு வாடிப் பயனற்றுப் போயிற்று. ஆகவே அம்மக்கள் முள்ளின்மீது சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டினைப் பொருத்தினர். ஆறடிக் கோலும் ஆறடி நூலும் அவர்களது கருவிகள். நூலும் இறகும் முள்ளும் கொண்ட அந்த அமைப்பு இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை.

இங்கிலாந்தில் இதுபற்றிய அச்சு நூல் 1496ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. ஆயினும் மென்னிறகுப் பூச்சி தன் முழு உருவை அடைந்தது இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காத்லாந்திலுமேயாகும். அங்கே ஆறுகள் கற்களின்மேல் விரைந்து பாய்வன. டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் என்பார் 1857இல் வெளியிட்ட நூலில், பறவையின் சிறு மெல்லிறகு ஒன்றைப் பட்டு நூலோடு சுற்றிக் கட்டும் மூன்று பூச்சிகளைப் பெரிதும் போற்றினார். பார்வைக்குச் சிலந்தியைப் போன்றிருந்தமையால் அவற்றுக்குச் சிலந்தி என்றே பெயர் வழங்கிற்று. 1885இல் டி. இ. பிரிட் என்பார் யார்க்‌ஷயர் மாவட்டத்தில் வழக்கிலிருந்த 62 வகைகளைத் தொகுத்து வெளியிட்டார். கௌதாரி, உள்ளான், மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் முதலான பறவைகளின் இறகுகளே அவற்றிற்குப் பயன்பட்டன. அவரவர் ஊர் வயலிலும் கொல்லையிலும் கிடைத்ததைக் கொண்டு கட்டினார்கள் என்பதே இதன் பொருள். பின்னர் நாகரிகம் மாறிற்று. மிதக்கும் பூச்சிகளுக்கு மதிப்புக் கூடி, இவை பழங்காலத்துப் பொருள்களாகக் கருதப்பட்டன. 1975இல் சில்வெஸ்டர் நீம்ஸ் என்னும் அமெரிக்கர் மென்னிறகுப் பூச்சியைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதியபின் இவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

ஜப்பானிய மலைவாழ் மக்களும் இதனையொத்த ஒன்றைத் தாமாகவே கண்டறிந்திருந்தனர். கெபாரி என்பது அதன் பெயர். நீண்ட மூங்கிற்கோலின் நுனியிலேயே நூலைக் கட்டி, சுழல்சக்கரம் ஏதுமின்றி வீசுவது அவர்களது வழக்கம். மூங்கிற்கோலோடு பழகிய நமக்கு இம்முறையே மிகவும் ஏற்றதென்று கருதுகிறோம்.

தமிழர் வாழும் மலைகளில்

டிரவுட் மீன் தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. நீலகிரியில் அதனை வளர்க்க 1860களிலேயே மருத்துவர் பிரான்சிஸ் டே முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் என்பாரின் முயற்சியால் அவலாஞ்சியில் 1907இல் மீன்குஞ்சுப் பண்ணை அமைந்தது. அதன்பின் மலையோடைகளில் வானவில் டிரவுட் நிலைபெற்றது. மூணாற்றின் உயர்மலைகளிலும், இலங்கையில் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஆகிய இடங்களிலும் இவ்வாறே அம்மீன் கொண்டுவந்து விடப்பட்டது. இலங்கையில் இம்முயற்சி 1880களிலேயே தொடங்கிவிட்டது.

இவை யாவும் தேயிலை மலைகள் என்பதைக் கவனித்தல் வேண்டும். தோட்டத்துரைமார்கள் தம் ஓய்வுநேர விளையாட்டுக்காகவே கடல் கடந்து மீனைக் கொணர்ந்தனர். அவர்கள் எழுதி வைத்த குறிப்புகளில் மீனின் எடையும் பூச்சியின் பெயரும் இருக்கின்றன. கூடை சுமந்து உடன் சென்றவரின் பெயரைக் காண்பது அரிது. ஓடையின் எந்த வளைவில் மீன் ஒதுங்கும் என்பதை அந்தத் தொழிலாளர்களே நன்கு அறிந்திருப்பர் என்று எண்ண இடமுண்டு. வந்து சேர்ந்த அயல்மீன் அம்மலைகளின் சொந்தச் சிறுமீன்களையும் நீர்வாழ் உயிர்களையும் உண்டு வாழ்கிறது என்பதும் மறைக்கத்தக்க செய்தியன்று.

தமிழ்நாட்டு மலைகளுக்கும் இக்கலைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்திறகின் நுனிதோறும் மெழுகுத்துளி போன்ற பளபளப்பான புள்ளி ஒன்று அமைந்திருக்கும். முள்ளில் கட்டினால் அது மீனின் கண்ணைப் போல் தோன்றும். ஐரோப்பியத் தூண்டிற்காரர்கள் இதற்குக் கொடுத்த விலையால் அப்பறவை பெருமளவில் வேட்டையாடப்பட்டது. 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவலாக வந்தது. மென்னிறகுப் பூச்சிக்கு இத்தகைய அரிய இறகு ஏதும் வேண்டுவதில்லை. கோழிக்கூண்டின் அருகே உதிர்ந்து கிடப்பதே போதும்.

மென்மையின் பயன்

சேவலின் கழுத்திறகையும் பெட்டைக்கோழியின் கழுத்திறகையும் ஒரு தம்ளர் நீரில் நனைத்துப் பார்த்தால் இரகசியம் விளங்கும். சேவலின் இறகு விறைப்பானது. அதன் இழைகள் பளபளப்புடன் நீரை ஒதுக்கித் தள்ளும். ஆகவே அது மிதக்கும் பூச்சிக்கு உரியது. பெட்டையின் இறகோ நீரை உறிஞ்சிக்கொண்டு தளர்ந்துவிடும். நீரை அசைத்தால் அதன் இழைகள் ஒவ்வொன்றும் மூடியும் விரிந்தும் உயிருள்ளவை போல் அசையும். இந்த அசைவுதான் மீனை ஏமாற்றுகிறது.

ஓடைக் கற்களின் அடியில் வாழும் பூச்சிகளின் வாழ்க்கையை அறிந்தால் இது மேலும் தெளிவாகும். முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பூச்சி பல மாதங்கள் கல்லைப் பற்றிக்கொண்டு நீருக்குள்ளேயே வாழ்கிறது. பருவம் வந்ததும் கல்லை விட்டு மேலெழுகிறது. நீர்மட்டத்தை அடைந்து, பழைய தோலைப் பிளந்து, சிறகு விரித்துப் பறந்துவிடுகிறது. பறக்கும் வாழ்க்கை சிலவற்றுக்கு ஒரே நாள். சிலவற்றுக்குச் சில மணி நேரமே. கல்லிலிருந்து நீர்மட்டம் வரையிலான அந்தச் சிறு பயணத்தில் அதற்கு ஓடவோ ஒளியவோ வழியில்லை. மீன்கள் காத்திருந்து உண்பது அப்போதுதான். கால்களை உதறிக்கொண்டு, சிறகை அவிழ்க்க முயன்றுகொண்டு மேலேறும் அந்தப் பூச்சியைத்தான் மென்னிறகுப் பூச்சி நடித்துக் காட்டுகிறது. எந்த ஒரு பூச்சியின் உருவத்தையும் அது அப்படியே படமெடுத்துக் காட்டுவதில்லை. பல பூச்சிகளின் பொதுவான சாயலையே காட்டுகிறது. கோட்டோவியத்தில் நாலு கோட்டிலேயே மனிதமுகம் தெரிவதில்லையா, அதுபோலத்தான்.

கட்டும் முறை

மிகவும் புகழ்பெற்ற வகை கௌதாரியிறகும் செம்மஞ்சள் பட்டும் கொண்டு கட்டுவதாகும். நாம் கௌதாரிக்குப் பதிலாகப் பழுப்பு நிறப் பெட்டைக்கோழியின் கழுத்திறகையோ, முட்டைக்காக வளர்க்கும் காடையின் இறகையோ கொள்ளலாம். காடையின் முதுகிலும் மார்பின் ஓரத்திலும் உள்ள புள்ளியிறகுகள் கௌதாரியின் இறகுக்கு மிக நெருங்கிய உறவினவாகும். காட்டுப் பறவைகளைத் தேடிப் போக வேண்டா. பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

முள் சிறியதாக இருத்தல் வேண்டும். கடையில் 12 அல்லது 14 என்னும் எண்ணுள்ள, கண்வளையம் உடைய முள்ளைக் கேட்டு வாங்குக. எண் கூடக் கூட முள் சிறுக்கும். முள்ளைப் பற்றிக்கொள்ளத் தனிக் கருவி விற்கிறார்கள். அது இல்லாவிடினும் குறையில்லை. கூர்மூக்கு இடுக்கியால் முள்ளின் வளைவைக் கவ்வி, இடுக்கியின் இரு கைப்பிடிகளையும் ரப்பர் பட்டையால் இறுகச் சுற்றி, மேசை விளிம்பில் அதனை அசையாமல் பொருத்திக்கொள்ளலாம். முற்காலத்தில் வெறும் விரலிடையில் முள்ளைப் பிடித்தே கட்டினார்கள்.

பட்டு நூலை முதலில் தேன்மெழுகின்மீது இரண்டு மூன்று முறை இழுத்துக்கொள்ள வேண்டும். மெழுகு ஏறிய நூல் வழுக்காது. சுற்றிய இடத்திலேயே நிற்கும். கண்வளையத்துக்கு ஓர் அரிசியின் பாதி அகலம் விட்டு நூலைத் தொடங்கி, அதன் தொடக்க முனையின் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றினால் முனை அகப்பட்டுக்கொள்ளும். மிஞ்சியதை வெட்டிவிட்டு, சுற்றோடு சுற்று ஒட்டி நிற்குமாறு முள்ளின் தண்டு நெடுகச் சுற்றிச் செல்க. ஒன்றன்மேல் ஒன்று ஏறலாகாது. இடையே இரும்பு தெரியவும் கூடாது. முள்ளின் கூர்முனைக்கு நேர் மேலே வந்தவுடன் நின்று, வந்த வழியே திரும்பிச் சுற்றிக்கொண்டு வந்தால் உடல் முடிந்தது. புதிதாகப் பழகுவோர் பலர் வளைவு வரை சென்றுவிடுவர். அதனால் உடல் நீண்டு, பூச்சி புழுவாகிவிடும்.

இனி இறகு. அடிப்பகுதியில் உள்ள பஞ்சு போன்ற மயிரை உரித்துவிடுக. இழையின் நீளம் முள்ளின் வளைவைத் தொடும் அளவினதாக இருக்க வேண்டும். அதற்கு மிகுந்தால் மீன் இழையை மட்டும் கடித்துவிட்டுப் போகும். இறகின் நுனியைப் பிடித்துக்கொண்டு மற்ற இழைகளை அடிநோக்கித் தடவிவிட்டால், நுனியில் ஒரு சிறு முக்கோணம் தனித்து நிற்கும். அதனை, இறகின் பளபளப்பான பக்கம் கண்வளையத்தை நோக்குமாறு வைத்து, மூன்று சுற்றால் கட்டிவிடுக. பிறகு இறகின் தண்டைப் பிடித்து முள்ளைச் சுற்றி இரண்டு முறை, இரண்டே இரண்டு முறை, சுற்ற வேண்டும். சுற்றும்போது இழைகளைப் பின்னோக்கித் தடவிக்கொண்டே வருதல் நலம். இரண்டாம் சுற்றின் முடிவில் தண்டை நூலால் கட்டி, எஞ்சியதை நறுக்கிவிடுக. அதன் முன்னே நாலைந்து சுற்றால் சிறிய தலை ஒன்று அமைத்து, மூன்று சுருக்கு முடிச்சிட்டு, நகப்பூச்சு ஒரு துளி வைத்துவிட்டால் பூச்சி தயார்.

இரண்டு சுற்று என்பதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. இறகு வீட்டில் நிறையக் கிடக்கிறது, மூன்றாம் சுற்றுச் சுற்றினால் அழகாயிருக்குமே என்ற ஆசை எவருக்கும் வரும். சுற்றியபின் மேசைமேல் அது அழகாகவே இருக்கும். நீரில் போட்டாலோ இழைகள் ஒன்றோடொன்று நெருக்கி ஒரு கற்றையாகிவிடும், அசைவு போய்விடும். இழைகளின் இடையே உடலின் பட்டு நிறம் மின்ன வேண்டும். செம்மஞ்சள் பட்டு நனைந்தவுடன் இருண்டு, பழுத்த இலையின் நிறத்தைப் பெறும். அந்நிறம் தெரியாவிட்டால் பட்டைச் சுற்றியதில் பயனில்லை.

பால்மரம் சீவும் கைக்கு இந்த அளவு புதிதன்று. மரத்தின் உயிர்த்தசையைத் தொடாமல், ஒன்றரை மில்லிமீட்டருக்கு மிகாத பட்டையை அரையிருட்டில் உளியால் சீவியெடுக்கும் கை அது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்த விரல்கள் இத்தொழிலைப் பத்துப் பன்னிரண்டு பூச்சிகளிலேயே கற்றுக்கொள்ளும். கட்டிய பூச்சிகளைத் தக்கையில் குத்தி, ஒரு சிறிய தகர டப்பியில் கற்பூரத் துண்டுடன் வைத்தால் அந்து அரிக்காது. முள்ளில் உள்நோக்கியிருக்கும் சிறு எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுவது நல்லது. சிறுமீனை ஊறின்றி விடுவிக்க அது உதவும். பிள்ளைகளின் விரலில் ஏறினாலும் எளிதில் வெளிவரும்.

நீரில் ஓட விடுதல்

மண்புழுத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கோ பூச்சிக்கு எடையென்பதே இல்லை. ஆகவே நூலின் பாரமே பூச்சியைச் சுமந்து செல்ல வேண்டும். பன்னிரண்டு அடி மூங்கிற்கோலின் நுனியில், இழைகள் சிலவற்றை முறுக்கிச் செய்த, கோலின் நீளமேயுள்ள நூலைக் கட்டுக. அதன் முனையில் ஒரு மீட்டர் அளவுக்கு மெல்லிய நைலான் நரம்பைச் சேர்த்துப் பூச்சியை முடிக. கோலைத் தோளுக்குப் பின்னே உயர்த்தி, நூல் பின்னால் நீளும் வரை ஒரு கணம் பொறுத்து, முன்னே நிறுத்தினால் நூல் தானே விரிந்து போய் விழும்.

நீரோட்டத்துக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கிப் போட்டு, கோலின் நுனியால் பூச்சியைத் தொடர்ந்து வருக. நீரே அதனை வளைத்துக் கரையோரம் கொண்டுவரும். வளைந்து முடியும் இடத்தில் பூச்சி மெல்ல மேலெழும். பெரும்பாலும் மீன் பற்றுவது அங்கேதான். பெரிய கல்லின் பின்புறம், நுரைக்கோடு ஓடுமிடம், ஆழமும் மேடும் சேருமிடம் ஆகியன பார்க்கத்தக்கவை. மாலையில் பூச்சிகள் நீர்மேல் கூடும் நேரம் சிறந்தது. ஆனால் மலையடிவாரத்தில் மேகம் இருண்டால் உடனே கரையேறிவிட வேண்டும். உலு லங்காட் பகுதி ஓடைகளில் மேலே பெய்த மழை, கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே பெருவெள்ளமாக இறங்கி வருவதுண்டு. மலாய் மொழியில் இதனைக் கெப்பாலா ஆயர் என்பர். அதனால் உயிரிழந்தோர் உளர்.

காஜாங்கின் ஆறுகளும் மீன்களும்

டிரவுட் இங்கே ஏன் இல்லை என்பதற்கு வெப்பமே காரணம். 20 டிகிரி செல்சியசுக்கு உட்பட்ட நீரிலேதான் அது நலமாக வாழும். 10 டிகிரி நீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். நம் தாழ்நிலத்து ஆறுகளைப் போன்ற 27 டிகிரி நீர் சுமார் 8 மில்லிகிராம்தான் தாங்கும். நம் மீன்கள் இந்நீருக்கே பிறந்தவை. மலையோடைகளில் தெங்காஸ், செபாராவ், செலுவாங், அரிதாகக் கெலா ஆகியவை மேலிருந்து விழும் பூச்சிகளையும் நீரிலிருந்து எழும் பூச்சிகளையும் உண்கின்றன. மென்னிறகுப் பூச்சியை இவையும் பற்றும். செபாராவ் பெரிதானபின் சிறுமீன்களையே துரத்தும். ஆகவே குஞ்சுப்பருவத்தவையே இதற்கு மிகுதியும் அகப்படும். அவற்றை விட்டுவிட வேண்டும். ஆற்று மீன்பிடிப்பு மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. சில ஓடைப் பகுதிகளில் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டிருக்கும். மாவட்ட மீன்வள அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்க.

லங்காட் ஆறு 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலைப் பகுதியில் தோன்றி, உலு லங்காட்டைக் கடந்து, காஜாங் நகரின் ஊடே பாய்கிறது. நம் நாட்டு ரப்பர்த் தொழிலின் தொட்டில்களுள் காஜாங்கும் ஒன்று. 1890களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் வாணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டது இங்கேதான். அத்தொழில் ஊருக்குச் சோறு போட்டது. ஆற்றுக்குச் சோதனையும் தந்தது. பாலை அமிலத்தால் உறையவைத்தபின் எஞ்சும் நீரில் புரதமும் சர்க்கரையும் அமிலமும் உண்டு. ஆலைக்கால்வாயின் அருகே வாழ்ந்தவர்களுக்கு அதன் நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. அக்கழிவு ஆற்றில் கலந்தால் நுண்ணுயிர்கள் பெருகி, நீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும். முதலில் மடிவன கல்லடியில் வாழும் பூச்சிகளே. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கான தனி விதிகளும் வந்தபின் கழிவு நீரைக் குட்டைகளில் தேக்கித் தெளியவைத்து விடுதல் கட்டாயமாயிற்று.

இன்று காஜாங்கைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பெரும்பாலும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. ஆற்றின் சோதனை தீர்ந்ததா என்றால் இல்லை. 2016ஆம் ஆண்டில் செமினி ஆற்று நீரில் கலந்த நாற்றப் பொருளால் அங்குள்ள குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பலமுறை மூடப்பட்டது. இலட்சக்கணக்கானோர் வாளியுடன் காத்துக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

ஆற்றைக் கெடுப்பதில் நம்மவர் பங்கும் இல்லாமல் இல்லை. தூபா வேரை நசுக்கி ஓடையில் கலக்கும் பழக்கத்தை முதியோர் அறிவர். அதிலுள்ள ரோட்டினோன் என்னும் நஞ்சு மீனின் உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. மயங்கி மிதப்பதைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் அதே நஞ்சு ஒரு பூச்சிக்கொல்லியுமாகும். பெரிய மீனோடு குஞ்சும், குஞ்சோடு அதற்கு உணவாகும் பூச்சிகளும் போய்விடுகின்றன. அடுத்த மாதம் அங்கே மீன் இல்லையே என்று வியப்பதில் பொருளில்லை. மின்கலத்தைக் கொண்டு நீரில் மின்சாரம் பாய்ச்சுவதும் இத்தகையதே. அது செய்பவனின் உயிரையும் வாங்கவல்லது. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகிய மூன்றையும் 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் தடை செய்கிறது.

இறகுப்பூச்சியைக் கட்டி எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறவர், கோலை நீட்டுமுன் முழங்கால் அளவு நீரில் இறங்கி, கைக்கு அடங்கும் கல் ஒன்றைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பழுத்த தூண்டிற்காரர்கள் எந்நாட்டிலும் செய்வது இதுவே. கல்லின் அடிப்பக்கத்தில் தட்டையான உடலும் வாலில் இரண்டு மூன்று மயிரும் உடைய இளம்பூச்சிகள் பரபரவென ஓடினால் நீர் நலமாயிருக்கிறது. மணலையும் குச்சித்துணுக்கையும் ஒட்டிக் கட்டிய சிறு குழாய்வீடுகளுக்குள் புழுக்கள் இருப்பின் அதுவும் நல்ல அடையாளம். அப்பூச்சிகளின் பருமனையும் நிறத்தையும் பார்த்து, டப்பியிலிருந்து அதற்கொத்த பூச்சியை எடுத்துக் கட்டுக. கல் வழவழவென்று கறுத்து, சிவந்த நூற்புழுக்கள் மட்டும் சேற்றில் நெளிந்தால் அங்கே கோலை விரிக்க வேண்டா. நாட்டின் சுற்றுச்சூழல் துறையினர் உயிர்வளி, அம்மோனியா, அமிலத்தன்மை முதலிய ஆறு அளவுகளைக் கொண்டு ஆற்று நீரை வகைப்படுத்துகின்றனர். அக்கருவிகள் ஏதும் இல்லாதவருக்கு இந்தக் கல்லே கருவி. உலு லங்காட்டின் மேற்பகுதியில் ஒரு கல், நகரத்துக்குக் கீழே ஒரு கல் என இரண்டையும் ஒரே நாளில் புரட்டிப் பார்க்குமாறு பிள்ளைகளிடம் சொல்லலாம். கோலை எடுத்துச் செல்லாத நாளிலும் அது நல்ல பொழுதாகவே அமையும்.

பார்த்து முடித்தபின் கல்லை முன்பிருந்த பக்கமாகவே திரும்பக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அடியில் ஒட்டியிருப்பவை வெயில் பட்டால் சிறிது நேரத்திலேயே இறந்துவிடும்.